சிறுகடைக்கான மின்வணிக மென்பொருள் (நமுனுகுல)

கடைப் பொருள்களை இணையத்தில் காட்டி, ஓடர் எடுத்து, பணம் பெற உதவும் மென்பொருள். பதுளை மாவட்டத்தின் நமுனுகுல போன்ற தோட்டப்புற ஊர்களில், இதைத் தெரிவுசெய்யும் கடைக்காரர் கொழும்புக் கடைகளைப் பின்பற்றினால் போதாது.

இத்தகைய மென்பொருள்களில் ஷொப்பிஃபை எளிதானது, ஆனால் மாதக் கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதை நினைவில் கொள்ள வேண்டும். அதன் சொந்தப் பணம் பெறும் சேவையும் இலங்கையில் இல்லை. 2011இல் வெளிவந்த வூகொமர்ஸ் இலவசம். பேஹியர் போன்ற, பணம் பெறும் உள்நாட்டுச் சேவையை அதில் இணைக்கலாம். சேர்வர் வாடகையும் பராமரிப்பும் கடைக்காரர் பொறுப்பு.

முகவரிதான் பெருஞ்சிக்கல். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் வாழும் பல குடும்பங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள்கூட தோட்ட அலுவலகம் வழியே வருகின்றன. வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கட்டாயம் கேட்கும் படிவம் இவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். தோட்டம், டிவிஷன் (தோட்டப் பிரிவு), லய இலக்கம், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழில் நிரப்ப இடம்தரும் மென்பொருளே இங்கு ஏற்றது. பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் வசதியும் கட்டாயம் தேவை.

வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும்போது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சில பொருள்களே விற்கும் கடைக்கு வட்ஸ்அப் பிஸ்னஸின் பொருட்பட்டியலே தொடக்கத்தில் போதுமானது.