இலையும் மேசையும்: மட்டக்களப்பு நாட்டில் உணவு படைத்த முறை

மட்டக்களப்பு வாவியின் மேற்கிலுள்ள நிலப்பகுதியைப் படுவான்கரை என்பர். அக்கரையில் மண்டூரிலே கோயில் கொண்ட முருகனைச் சின்னக்கதிர்காமத்து இறைவனாக வழிபடுதல் இந்நாட்டார் மரபு. ஆவணித் திருவிழாக் காலத்திலே குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து அடியார் பலர் அங்குச் செல்வர். அக்கோயிலிற் பூசை செய்யுங் கப்புகனார் மந்திரம் ஓதுவதில்லை. வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மௌனமாகவே பூசையை நிகழ்த்துவர். புதிதாக வருவோர் இதனை ஓர் அரிய சடங்கென்று வியந்து போவர். ஆயின் உணவு படைத்தலின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வழக்கம் பிறிதொன்றையும் புலப்படுத்தும். படைப்பவனுடைய மூச்சும் எச்சிலும் படைக்கப்படும் பொருளைத் தீண்டலாகாது என்பதே அது. நம்மவர் உணவு பரிமாறும் முறையனைத்துக்கும் அடிப்படையாய் நிற்பது இவ்வொரு கருத்தே எனலாம்.

வாயைக் கட்டிக்கொண்டு படைத்தல் கடவுளுக்கு மட்டும் உரியதாய் இருந்ததன்று. 1660ஆம் ஆண்டிலே கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, கண்டி நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து, 1679இலே தப்பிச் சென்றவன் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன். 1681இல் இலண்டனில் வெளிவந்த தன் நூலிலே, இரண்டாம் இராசசிங்கன் உணவுண்ட விதத்தை அவன் எழுதியிருக்கின்றான். அரசன் தனியனாய் ஒரு முக்காலியில் அமர்வான். அவன்முன் வெள்ளைத் துணி விரித்த ஒரு சிறு மேசை இருக்கும். மேசையின்மேற் பொற்கலம், பொற்கலத்தின்மேற் பச்சை வாழையிலை. முப்பது நாற்பது வகைக் கறிகள் சமைக்கப்பட்டிருப்பினும் அவை மேசைக்கு வாரா. பரிமாறுதற்கென்று அமர்த்தப்பட்ட பிரபு ஒருவன் அவற்றைக் கரண்டியால் எடுத்து இலையில் இடுவான். அவன் வாயும் துணியாற் கட்டப்பட்டிருக்கும்.

இக்குறிப்பை ஊன்றிப் படித்தல் வேண்டும். மேசையுண்டு, விரிப்புண்டு, பொன்னுமுண்டு. எனினும் அரசன் உண்டது இலையிலேயே. பொற்கலம் இலைக்குத் தாங்கியாயிற்றேயன்றி உண்கலம் ஆகவில்லை. கலம் எத்துணை உயர்ந்ததாயினும் முன்னொரு நாள் ஒருவன் உண்டதே. இலையோ அன்று அறுத்தது, உண்டபின் எறியப்படுவது, எவர் எச்சிலும் படாதது. செல்வத்தினும் தூய்மையே மேலென்று கருதிய ஒரு நாகரிகத்தை இதனினும் தெளிவாகக் காட்டுஞ் சான்று கிடைத்தல் அரிது.

இம்முறை மிகப் பழையது. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே, மதுரைப் புறஞ்சேரியில் ஆய்ச்சியர் மனையிற் கண்ணகி கோவலனுக்கு உணவு படைக்குங் காட்சி வருகின்றது. பனையோலையால் முடைந்த தவிசிலே கணவனை இருத்தி, மண்கலத்து நீரால் அவன் அடிகளைக் கழுவி, நிலத்திலே தண்ணீர் தெளித்துத் தன் கையால் தடவி, ஈனாத வாழையின் குருத்திலையை விரித்து உணவிடுகின்றாள். உண்டு முடித்தவனுக்கு வெற்றிலையும் பாக்குங் கொடுக்கின்றாள். இருக்கை, நீர், மெழுக்கு, இலை, தாம்பூலம் என்னும் இவ்வொழுங்கில் இற்றைநாள் வரையும் பெரிய மாற்றம் இல்லை. அதுவே கோவலன் உண்ட கடைசி உணவென்பதைக் கற்றோர் அறிவர். வைகாசித் திங்களிலே கண்ணகியம்மனுக்குச் சடங்கெடுத்துக் குளிர்த்தி பாடும் மட்டக்களப்பு மக்களுக்கு, அவள் இலை விரித்த அந்நாள் வெறும் இலக்கியச் செய்தியன்று.

ஆசாரக்கோவை, நீராடிக் கால்கழுவி உண்ணுதல், உண்கலத்தைச் சுற்றி நீரிறைத்தல், கிழக்கு நோக்கியிருத்தல், இனிப்பை முதலிலும் கைப்பை இறுதியிலும் உண்ணுதல் என விதிகளை விரிக்கும். ஆறுமுகநாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையிலே வாழை முதலாக உண்ணுதற்குரிய இலைகளை வகுத்து, வாழையிலையின் அடி உண்பவருக்கு வலப்பக்கத்திலே இருத்தல் வேண்டுமென்பார். இதில் மறைபொருள் யாதுமில்லை. அகன்ற பாகம் வலக்கைக்கு எளிதாய் எட்டும். சோறு பிசைவதற்கு இடம் வேண்டும். உப்பு, ஊறுகாய் போன்ற சிறியவற்றுக்கு ஒடுங்கிய நுனி போதும். விதிகளுக்கெல்லாம் விண்ணிலே காரணந் தேடுவோர் ஒருமுறை இலையின்முன் அமர்ந்து பார்த்தல் நன்று.

சமயத்துக்கேற்ப இம்முறை வேறுபடும். வீட்டுக்கு வந்த விருந்தினர்க்கு முதலில் வைப்பது சோறன்று, வெற்றிலை வட்டாவே. பித்தளையால் வார்த்து, நிமிர்ந்த காலின்மேல் நிற்கும் இவ்வட்டாவை நீட்டாது ஒருவரை வரவேற்றல் மட்டக்களப்பாரிடையே குறைவாகக் கருதப்பட்டது. திருமணப் பந்தியிலே நிலத்திற் பாய்விரித்து, தலைவாழையிலை இட்டு, கறிகளை மேற்பாதியிற் பரப்பிய பின்னரே சோறு வரும்; எருமைத் தயிரோடு விருந்து முடியும். கோயிற் சடங்கிலே படைக்கும் மடைக்கு இலை பல. உண்பாரோ கண்ணுக்குப் புலனாகார். இறந்தார்க்கும் அவர் விரும்பியுண்ட பண்டங்களை இலையிலிட்டுப் படைப்பர். புறநானூற்றிலே கணவனை இழந்தாள் ஒருத்தி, அவனுக்கு உணவு படைத்தற்காகச் சுளகளவு சிறிய இடத்தைத் துடைத்து, தன் கண்ணீராலேயே சாணமிட்டு மெழுகுகின்றாள். நாட்டை ஆண்டவனுக்கு இறுதியில் எஞ்சிய இடம் அவ்வளவே. உணவு படைக்கும் இடத்தைப் பற்றித் தமிழில் இதனினும் நெஞ்சை உருக்குஞ் செய்யுள் இல்லை.

அண்டையில் வாழும் முஸ்லிம்களின் முறை இதற்கு மறுதலையாகத் தோன்றும். சகன் என்னும் பெருந்தட்டைச் சூழ்ந்து பலர் அமர்ந்து, ஒரே கலத்திலே கையிட்டு உண்பர். ஒரு சாரார் எச்சிலை விலக்கி மரியாதை செய்தனர். மற்றொரு சாரார் கலத்தைப் பகிர்ந்து உறவு செய்தனர். ஒரே வாவியின் கரையில், ஒரே வயலின் நெல்லை உண்டு, இரு முறைகளும் நெடுங்காலம் அருகருகே நிலவின.

மேசை வந்த வழியை மொழியே காட்டும். மேசை, கதிரை, வாங்கு, துவாய் ஆகிய நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். 1628இல் மட்டக்களப்பிலே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் பத்தே ஆண்டுகளில், 1638இல், அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆள்வோர் போயினும் அவர் தந்த பொருளும் பெயரும் நின்றன. எனினும் இந்துக்களின் வீடுகளிலே மேசை நெடுங்காலம் எழுதுதற்கும் வந்தவர்க்குத் தேநீர் வைப்பதற்குமே பயன்பட்டது. சோறு அதன்மேல் ஏறியது பிற்காலத்தில். இன்று மண்டபங்களில் நிகழுந் திருமணங்களில் நீண்ட மேசைகளின்மேற் கடதாசி விரித்து, அதன்மேல் இலை இடுகின்றனர். இராசசிங்கனுடைய சிறுமேசையின் நெடிய வடிவமே இது என்னலாம்.

தூய்மை பேணிய இவ்வழக்கத்துக்கு ஒரு கரிய பக்கமும் உண்டு. எச்சில் படலாகாது என்ற எண்ணம், இன்னார் அருகில் இருக்கலாகாது என்று திரிந்தது. பந்தி பிரிந்தது, சிலர்க்கு முற்றத்திலும் சிலர்க்குக் கொல்லையிலும் இலை விழுந்தது. தமிழகத்திலே வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமண மாணவர் இருவர்க்குத் தனியிடத்தில் உணவளித்தமை 1924–25ஆம் ஆண்டுகளிற் பெரும் பிணக்காகி நாட்டின் அரசியலையே மாற்றியது. ஈழத்து வடபகுதியிலே உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் சகல மாணவரும் சமமாக அமர வேண்டுமென்ற கட்டளை பிறந்தபோது, 1930ஐ ஒட்டிய காலத்தில், சில பாடசாலைகள் தீக்கிரையாயின. இலையோ தன்னளவில் ஒருவரையும் இழிவுபடுத்தாதது. ஒருவர்க்கு ஓரிலை என்றமையால், எவர் அருகில் எவர் இருந்தாலும் எச்சில் கலக்க இடமில்லை. தூய்மையின் பொருட்டுப் பந்தியைப் பிரித்தோம் என்றவர்களின் நியாயத்தை அவர்கள் முன் கிடந்த இலையே மறுத்தது. மண்டூரிற் கப்புகனார் கட்டுவது தம் வாயையே என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. படைப்பவன் தன்னை அடக்கிக்கொள்ளுதல் வேறு. உண்ண வந்தவனை விலக்குதல் வேறு.

அண்மைக் காலத்திலே இலைக்கு எதிரியாய் வந்தது மேசையன்று. மெல்லிய பொலித்தீன் தாள். இலங்கையின் சோற்றுக்கடைகளிலே தட்டின்மேல் இத்தாளை விரித்து, அதன்மேற் சோறிட்டு, உண்டபின் தாளை மட்டும் சுருட்டி எறிந்தனர். பொற்கலத்தின்மேல் வாழையிலை வைத்த அரசவழக்கம் தெருக்கடையிலே மீண்டும் தோன்றியதையே காண்கின்றோம். ஆனால் இலை மண்ணாயிற்று, மாட்டுக்கும் உணவாயிற்று. தாள் வாய்க்காலை அடைத்தது. 2017ஆம் ஆண்டு செப்தெம்பர் முதலாந் தேதி தொடக்கம் அரசாங்கம் அத்தாளைத் தடைசெய்தது.