பெயர் மாறிய மின்வாரியம்: ஊழியர்களின் பற்றும் மாறுமா?

அருள்புரத்தில் கரன்ட் போனால் நிட்டிங் மெஷின்கள் நின்றுவிடும். உடனே கேட்கும் குரல், "ஈ.பி.க்கு போன் போடுங்க". சட்டப்படி அந்தப் பழைய வாரியம் 2010-லேயே முடிந்துவிட்டது. ஆனால் ஊர் வாயில் இன்னும் ஈ.பி.தான்.

என்ன நடந்தது?

1957-ல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம், 2003 மின்சாரச் சட்டத்தின்படி 2010 நவம்பர் 1-ல் பிரிக்கப்பட்டது. தாய் நிறுவனத்தின் கீழ் டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என இரண்டு கம்பெனிகள் வந்தன. 2024-ல் டான்ஜெட்கோவும் பகிர்மானம், உற்பத்தி, பசுமை எரிசக்தி எனப் பிரிந்தது.

ஊழியர்களுக்கு என்ன பயம்?

போர்டில் பெயர் மாறுவது அல்ல, பென்ஷன். வாரியத்தை நம்பி வேலைக்குச் சேர்ந்தவருக்கு, நாளை கம்பெனி கைவிரித்தால் யார் தருவார்? மாற்றப்படும் ஊழியரின் பணி நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது என்கிறது சட்டத்தின் 133-வது பிரிவு. சங்கங்களுக்கு அது போதவில்லை. அரசும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் கேட்டார்கள். அது கைக்கு வந்தது 2024-ல்தான். இத்தனை வருடம் இழுத்ததுதான் பெரிய தவறு.

பற்று என்றால் எது?

கனடா ஆய்வாளர்கள் ஜான் மேயர், நடாலி ஆலன் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். பிடித்துப்போய் இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது, இருப்பதுதான் முறை என்று இருப்பது. சீர்திருத்தம் வரும்போது ஆள் வேலையை விட்டுப் போவதில்லை. அரசு வேலையை யார் விடுவார்? ஆனால் முதல் வகை தேய்ந்து இரண்டாவது மட்டும் மிஞ்சலாம். வருகைப் பதிவேட்டில் அது தெரியாது. மழை ராத்திரியில் பியூஸ் போடக் கூப்பிடும்போது தெரியும்.

ஒரே கம்பம், வேறு வேறு கணக்கு

2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். பின்னால் சேர்ந்தவர்கள் பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2021-ல் எடுக்கப்பட்ட கேங்மேன்கள், தங்களைக் கள உதவியாளராக மாற்றக் கேட்டுப் போராடி வந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் கோரிக்கை அதற்கும் முந்தையது: முதலில் நிரந்தரம் செய்யுங்கள். எந்த டிரான்ஸ்ஃபார்மரில் எந்தப் பட்டறை ஓடுகிறது என்று அத்துப்படியாகத் தெரிந்தவர் பல இடங்களில் இவர்தான். இவர் ‘நம்ம வாரியம்’ என்கிறார். வாரியத்தின் ஊழியர் பட்டியலில் இவர் பெயர் இல்லை.