விரலிலிருந்து துளைத்தட்டுக்கு: சிறுவிதைகளை எண்ணி விதைத்த வரலாறு

ஆயிரம் கேழ்வரகு மணிகளை நிறுத்தால் மூன்று கிராம் தேறுவதே பெரிது. எள்ளும் ஏறத்தாழ அதே எடைதான். கேரட் விதை ஆயிரத்துக்கு ஒரு கிராமும் சொச்சமும். புகையிலை விதையோ ஒரு கிராமுக்குள் பத்தாயிரத்துக்கு மேல் அடங்கும். இத்தனை சிறிய விதையைக் கையால் தெளித்தால் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும், இன்னோரிடம் திட்டாக வெறிச்சோடும். ஓரங்குலம் ஆழமாகப் போய்விட்டால் பலவற்றுக்கு மண்ணை முட்டி மேலே வரும் வலு இருக்காது.

விதைப்புக் கருவியின் வரலாற்றைப் பலரும் வரிசையின் வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள். தெளிப்பிலிருந்து சாலுக்கு, சாலிலிருந்து இயந்திரத்துக்கு என்று அது நகரும். இங்கே பின்தொடர்வது வேறொரு கேள்வி: ஒவ்வொரு சாலிலும் எத்தனை விதை விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தது யார், அல்லது எது? வரிசை மனிதனுக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. எண்ணிக்கை கைவர ஈராயிரம் ஆண்டுகள் பிடித்தன. அதுவும் கருவி நுட்பமானதால் மட்டும் வந்ததல்ல. கருவிக்கு ஏற்றபடி விதையையே மாற்றிய பிறகுதான் வந்தது.

மெசபடோமியாவின் ஒற்றைக்குழாய் விதைக்கலப்பை கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் முத்திரைகளிலேயே காணப்படுகிறது. ஆனால் அது பார்லிக்கானது; மணி பெரிது, சிக்கல் சிறிது. சிறுவிதையின் கதை வட சீனத்துத் தினைக் காடுகளில்தான் சூடுபிடிக்கிறது. ஹான் பேரரசர் வூவின் கடைசி ஆண்டுகளில், அதாவது கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாவ் குவோ என்ற அதிகாரி மூன்று கால் கொண்ட விதைப்பானைப் பரப்பியதாகக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் சுய் ஷி எழுதினார். ஒரு மாடு, ஒரு ஆள், நாளொன்றுக்கு ஒரு சிங் நிலம் என்பது அவர் தரும் கணக்கு. இன்றைய அளவில் அது 11 ஏக்கரை ஒட்டி வரும். ஊக்கமாகச் சொல்லப்பட்ட கணக்காகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் ஷான்ஸியில் கண்டெடுத்த ஹான் காலக் கல்லறைச் சுவரோவியத்தில் இத்தகைய கருவி தீட்டப்பட்டிருப்பதால், அது புழக்கத்தில் இருந்ததில் ஐயமில்லை.

வட சீனத்தில் அண்மைக்காலம் வரை ஓடிய இவ்வகைக் கருவிகளைக் கவனித்தால் ஒரு நுட்பம் தென்படும். விதைப்பெட்டியின் வாயில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சிறு மடை. அந்த வாய்க்குள் ஒரு மெல்லிய குச்சி, அதன் நுனியில் கட்டிய சிறு எடை. பின்னால் நடப்பவர் சட்டத்தை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போவார். எடை ஆட, குச்சி அசைந்து தினை அடைத்துக்கொள்ளாமல் ஒழுகும். வேகமாக ஆட்டினால் அடர்த்தி கூடும், மெதுவாக ஆட்டினால் குறையும். ஆக, விதைக்குக் கணக்குச் சொன்னது அந்த ஆளின் தோள்தான்.

தக்காணத்தில் அந்த வேலை விரலுக்கு வந்தது. ஆந்திரத்தில் கொர்ரு, கன்னட நாட்டில் கூரிகெ என்று வழங்கும் கருவியில் ஒரு கனத்த குறுக்குக்கட்டை இருக்கும். அதில் வரிசையாகக் கொழுக்கள்; ஒவ்வொரு கொழுவின் பின்னாலும் ஒரு மூங்கில் குழாய். குழாய்கள் எல்லாம் மேலே ஒரு மரக்கிண்ணத்தில் வந்து கூடும். கிண்ணத்தின் அடியில் குழாய்க்கு ஒரு துளை. மடியில் விதையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடப்பவர், பெரும்பாலும் ஒரு பெண், மூடிய கையின் விரலிடுக்கு வழியே விதையைக் கிண்ணத்தில் வார்த்துக்கொண்டே போவார். அது எல்லாத் துளைகளுக்கும் சமமாகப் பிரிய வேண்டும். மாடு தயங்கினால் கையும் தயங்க வேண்டும். கைதேர்ந்தவர் இல்லையென்றால் ஒரு சால் நெருக்கமாகவும் அடுத்த சால் மொட்டையாகவும் முளைத்து ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். கேழ்வரகுச் சால்களுக்கிடையே மொச்சையோ துவரையோ போட வேண்டுமானால், தனியே ஒரு மூங்கில் குழாயைக் கயிற்றால் பின்னே கட்டி இழுப்பார்கள். அதற்கு இன்னொரு ஆள்.

1790களில் குண்டூர்ப் பகுதியில் இக்கருவி ஓடுவதைக் கண்ட கேப்டன் தாமஸ் ஹால்காட், விதைக்கலப்பை ஐரோப்பியரின் அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்றே அதுவரை நினைத்திருந்ததாக எழுதினார். அவருடைய கடிதங்களை லண்டன் வேளாண் வாரியம் 1797இல் அச்சிட்டது. வரலாற்றாய்வாளர் தரம்பால் 1971இல் தம் தொகுப்பில் அவற்றை மீண்டும் வெளிக்கொண்டுவந்தார். அன்றுமுதல் ‘நமக்கு முன்பே தெரியும்’ என்ற பெருமிதத்துக்கே அவை பயன்பட்டு வருகின்றன. பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் கூரிகெயின் நுட்பத்தில் பாதி மரத்தில் இல்லை, கையில் இருந்தது. மரத்தை வரைபடமாக லண்டனுக்கு அனுப்பலாம். கையை எப்படி அனுப்புவது?

அத்தகைய கையை அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம்ப மறுத்தவர் இங்கிலாந்து உழவர் ஜெத்ரோ டல். தீவனப்பயிரான செயின்பாயினைச் சாலில் நெருக்கமின்றி விதைக்கச் சொன்னபோது கூலியாட்கள் ஒத்துழைக்கவில்லை. அவர்கள் வேலையை ஓர் இயந்திரத்திடம் தரத் தீர்மானித்து 1701 வாக்கில் தம் விதைப்பானைச் செய்தார். இளமையில் பழகிய ஆர்கன் இசைக்கருவியின் உள்ளுறுப்புகளே அவருக்கு வழிகாட்டின. விதைப்பெட்டியின் அடியில் சுழலும் உருளை, அதில் வெட்டிய குழிகள், குழிக்கு மேல் வில்லழுத்தத்தில் நிற்கும் ஒரு நாக்கு. குழி நிரம்பியதும் மிஞ்சும் விதையை நாக்கு தடுத்து நிறுத்தும். சக்கரம் உருண்டால் உருளை உருளும். ஆள் தயங்கினாலும் மாறாத விகிதம் இதில் கிடைத்தது. டர்னிப் போன்ற பொடிவிதைக்குத் தனியாக ஓர் இலகுவான கருவியும் செய்தார். எரு தேவையில்லை, செடி மண் துகளையே தின்கிறது என்று 1731இல் வெளிவந்த நூலில் அவர் வாதித்தது வேறு கதை. உழவியலில் வழுக்கியவர் பொறியியலில் வழுக்கவில்லை.

ஆனாலும் டல்லின் கருவி அவர் காலத்தில் பரவவில்லை. தச்சரும் கொல்லரும் ஒவ்வொன்றாகச் செய்த உறுப்புகள் தேய்ந்தன, உடைந்தன. தூசியும் களைவிதையும் கலந்த அன்றைய விதை குழிகளை அடைத்தது. 1782இல் ஜேம்ஸ் குக் என்ற பாதிரியார் காப்புரிமை பெற்ற விதைப்பானில் குழிகளுக்குப் பதில் சிறு கிண்ணங்கள் விதையை அள்ளிப் புனலில் கொட்டின. 1800இல் சஃபோக் மாவட்டத்தின் பீசன்ஹாலில் ஸ்மித் குடும்பம் தொடங்கிய பட்டறை இவ்வகைக் கருவிகளை ஊரூராகக் கொண்டுசேர்த்தது. அமெரிக்காவில் சாமுவேல் ஆலன் காய்கறித் தோட்டங்களுக்காகச் செய்த தள்ளு விதைப்பான் ‘பிளானட் ஜூனியர்’ என்ற பெயரில் விற்றது. இவை எல்லாம் விதையைப் பருமனால் அளந்தன, எண்ணிக்கையால் அல்ல. ஒரு கிண்ணத்தில் எட்டு டர்னிப் விதை வருமா, பன்னிரண்டு வருமா என்று கருவிக்குத் தெரியாது. எனவே நெருக்கமாக விதைத்துவிட்டு, முளைத்தபின் பயிர் கலைத்துவிடுவதே வழக்கமாக நின்றது.

இந்தக் கலைப்பு வேலையின் கணக்கைத்தான் பொறியியல் வரலாறுகள் விட்டுவிடுகின்றன. சர்க்கரை பீட் விதை என்று கடையில் விற்றது உண்மையில் பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. எவ்வளவு சரியாகப் போட்டாலும் ஓரிடத்தில் மூன்று நான்கு முளை கிளம்பும். ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். கொலராடோவின் பீட் வயல்களில் இந்த வேலையில் சிறுவர்கள் குனிந்து நின்றதை ஒளிப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1915இல் படமெடுத்தார். கலிபோர்னியாவில் லெட்டூஸ் கீரையையும் பீட்டையும் கலைக்கக் கொடுத்தது குட்டைக்காம்புக் களைக்கொத்து. நாளெல்லாம் இடுப்பை வளைத்தே நிற்க வேண்டும். தொழிலாளர் வழக்கு தொடுத்துப் போராடியதில் 1975இல்தான் அங்கே அது தடைசெய்யப்பட்டது.

திருப்பம் பட்டறையில் நிகழவில்லை. 1940களில் கலிபோர்னியப் பொறியாளர்கள் பீட் கொத்தை உடைத்துத் துண்டாக்கி விதைத்துப் பார்த்தனர்; முளைப்புத்திறன் அடிபட்டது. உக்ரைனிலிருந்து வந்த பயிர் இனவிருத்தியாளர் வியாசெஸ்லாவ் சாவிட்ஸ்கி, 1948இல் ஆரிகன் மாநில வயலொன்றில் செடி செடியாகத் தேடி ஒற்றை விதை தரும் பீட் செடிகளைக் கண்டெடுத்தார். அந்தக் குணத்தைக் கலப்பினங்களில் ஏற்றிய பிறகு, ஒரு விதைக்கு ஒரு செடி என்பது பீட்டில் முதன்முறையாக நடைமுறையானது. எண்ணிப் போடும் கருவிக்கு அதன் பிறகே பீட் வயலில் பொருள் வந்தது. துளையிட்ட ரப்பர் பட்டையில் விதையை ஒவ்வொன்றாக ஏந்தும் விதைப்பானும், துளைத்தட்டில் காற்றை உறிஞ்சி விதையை ஒட்டவைக்கும் விதைப்பானும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வயலுக்கு வந்தன.

உறிஞ்சும் வகையில் தட்டின் துளை விதையைவிடச் சிறிது. விசிறி இழுக்கும் காற்றில் துளைக்கு ஒன்றாக விதை ஒட்டும். இரண்டாவது ஒட்டினால் பல்போன்ற ஒரு சீவுளி தட்டிவிடும். சாலுக்கு நேர்மேலே உறிஞ்சல் நின்று விதை விழும். கேரட் விதையின் முள் இதில் சிக்கும், லெட்டூஸின் தட்டை விதை புரளும், தூசி துளையை அடைக்கும். எனவே விதை மறுபடியும் மாற்றப்பட்டது: முள்ளைத் தேய்த்தார்கள், சல்லடையில் தரம் பிரித்தார்கள், களிமண் போன்ற பொருளைப் பூசி உருண்டையாக்கினார்கள். முளைவிட்ட விதையைக் கூழில் மிதக்கவிட்டுச் சாலில் ஊற்றும் முறையை இங்கிலாந்தின் வெல்ஸ்போர்ன் காய்கறி ஆய்வு நிலையம் 1970களில் சோதித்தது. அறிவார்ந்த யோசனை, உருண்டை விதையின் முன் எடுபடவில்லை.

இவ்வளவும் நடந்தது விதைச் சந்தையில் காசு புரளும் பயிர்களுக்கு. கேழ்வரகு, சாமை, எள் விதையை உருண்டையாக்க எந்த நிறுவனமும் முந்தவில்லை. ஏக்கருக்குச் சில கிலோ விதை, அதுவும் பெரும்பாலும் வீட்டுக் குதிரில் இருந்து வருவது. தமிழ்நாட்டில் எள்ளுக்கு இன்றும் சொல்லப்படும் பரிந்துரை, விதையின் அளவைப்போல் நான்கு மடங்கு உலர்ந்த மணலைக் கலந்து சாலில் சீராகத் தூவுவது. மணலும் ஒருவகையில் விதையைப் பெரிதாக்கும் வழிதான். ஆனால் டிராக்டர் விதைப்பானின் பெட்டியில் அதே கலவையைக் கொட்டினால், கரட்டு வயலில் குலுங்கும்போது மணலும் எள்ளும் தனித்தனியாகப் பிரிய, வயலின் ஒரு முனையில் எள்ளும் மறுமுனையில் வெறும் மணலுமாக விழக்கூடும். கொர்ருவின் பின்னால் நடந்த பெண்ணின் கையில் அப்படிப் பிரிய வழியில்லை. கிண்ணத்தில் விழும் ஒவ்வொரு பிடியையும் அவர் கலக்கிக்கொண்டே போவார்.