கோகுலம் கேரளா மகளிர் அணி: 2021–22 இந்திய மகளிர் லீக் பருவம்

கோழிக்கோட்டைச் சேர்ந்த கோகுலம் கேரளா கால்பந்துக் கழகத்தின் மகளிர் அணி, 2022 ஏப்ரல் 15 முதல் மே 26 வரை ஒடிசாவின் புவனேசுவரத்தில் நடந்த இந்திய மகளிர் லீக்கில் தன் 11 ஆட்டங்களையும் வென்று சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அடித்த கோல்கள் 66, விட்டுக்கொடுத்தவை 4. கடைசி நாளில் மதுரையின் சேது எஃப்.சி.யை 3–1 என்று வீழ்த்தித்தான் பட்டம் உறுதியானது. பட்டத்தோடு ஆசிய மகளிர் கழகச் சாம்பியன்ஷிப்பில் ஆடும் உரிமையும் கிடைத்தது. அந்தப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் சென்ற அணி ஓர் ஆட்டம்கூட ஆட முடியாமல் திரும்ப நேர்ந்தது.

பின்னணி

கோகுலம் கேரளா 2017இல் தொடங்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீ கோகுலம் சீட்டு நிறுவனக் குழுமம் இதன் உரிமையாளர். ஆண்கள் அணிக்கு ஆள் சேர்த்த வேகத்திலேயே மகளிர் அணியையும் கழகம் கட்டியது. அக்காலத்தில் இந்திய ஆண்கள் கழகங்களில் பெரும்பாலானவை மகளிர் அணியைப் பற்றி யோசிக்கவே இல்லை. 2016–17இல் லீக் தொடங்கியபோது அதைத் தாங்கி நின்றவை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் போன்ற மகளிர் அணிகள்தாம். முதல் இரண்டு பட்டங்களும் இந்த இரண்டுக்குமே போயின. 2018–19 பட்டத்தை லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று சேது எடுத்துச் சென்றது. 2020 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் மணிப்பூரின் கிரிப்சா அணியை 3–2 என்று வென்றபோது கோகுலத்தின் முறை வந்தது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கடைசி நிமிடங்களில் அடித்த கோல் அந்த ஆட்டத்தை முடித்துவைத்தது.

அதற்குப் பிறகு கொரோனா. 2020–21 பருவம் நடக்கவே இல்லை. கோகுலம் தேசிய லீக்கில் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ‘நடப்புச் சாம்பியன்’ ஆக இருந்தது. இடையில் கிடைத்த பெரிய களம், 2021 நவம்பரில் ஜோர்டானின் அக்காபாவில் நடந்த ஆசிய மகளிர் கழகச் சாம்பியன்ஷிப். அங்கே அம்மான் கழகத்திடம் 1–2 என்றும், ஈரானின் ஷஹர்தாரி சிர்ஜானிடம் 0–1 என்றும் தோற்று, உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கரை 3–1 என்று வென்றது. இரண்டு தோல்விகளும் ஒரே கோல் வித்தியாசத்தில் வந்தவை. உள்நாட்டில் இந்த அணிக்குக் கிடைக்காத கடுமையான போட்டி அங்கே கிடைத்தது.

2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் நடந்த ஆசியக் கோப்பை இந்திய மகளிருக்கு ஒரு காயம். அணிக்குள் தொற்று பரவியதால், சீனத் தைப்பே அணிக்கு எதிராகக் களமிறக்கப் போதிய ஆள் இல்லாமல் இந்தியா போட்டியிலிருந்தே விலக வேண்டியதாயிற்று. அந்த அணியில் இருந்த ஆஷாலதா தேவி, மனிஷா கல்யாண், டாங்மெய் கிரேஸ், அதிதி சவுகான் ஆகியோர் மூன்றே மாதத்தில் கோகுலத்தின் சட்டையில் புவனேசுவரம் வந்து இறங்கினர்.

போட்டி முறை

முந்தைய பருவங்களில் குழு ஆட்டங்கள், பிறகு அரையிறுதி, இறுதி என்று இரண்டு மூன்று வாரங்களில் லீக் முடிந்துவிடும். பெயரில்தான் லீக், நடைமுறையில் அது ஒரு கோப்பைப் போட்டி. 2021–22இல் முதன்முறையாக 12 அணிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை மோத வேண்டும், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்கே பட்டம் என்று மாற்றினார்கள். மொத்தம் 66 ஆட்டங்கள். கோகுலம் தனியாக அடித்த கோல்களின் எண்ணிக்கையும் அதுவேதான்.

அணிகளின் பட்டியலைப் பார்த்தாலே இந்திய மகளிர் கால்பந்தின் அன்றைய நிலை விளங்கும். கோகுலம், சேது, பெங்களூரின் கிக்ஸ்டார்ட், அகமதாபாத்தின் ஏ.ஆர்.ஏ., மும்பையின் பிஃபா, தில்லியின் ஹன்ஸ், கோவாவின் சிர்வோதெம், சத்தீஸ்கரின் மாதா ருக்மணி ஆகியவை ஒரு பக்கம். ஒடிசா போலீஸ், எல்லைக் காவல் படையான எஸ்.எஸ்.பி., ஸ்போர்ட்ஸ் ஒடிசா, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இளம்பெண்களைக் கொண்டு அமைத்த இந்தியன் ஏரோஸ் ஆகியவை இன்னொரு பக்கம். முழுநேரச் சம்பளத்தில் விளையாடுகிறவரும், காவல் துறை வேலையை வைத்துக்கொண்டு விளையாடுகிறவரும், பள்ளி வயதைத் தாண்டாத பெண்ணும் ஒரே பட்டியலில் இருந்தனர்.

ஆட்டங்கள் கலிங்கா அரங்கம், கேப்பிட்டல் மைதானம், ஏழாம் பட்டாலியன் மைதானம் என்று புவனேசுவரத்தின் மூன்று இடங்களில் நடந்தன. கோடை உச்சத்தில், ஏறத்தாழ நான்கு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒவ்வொரு அணிக்கும் ஆட்டம் வந்தது. ஒரே ஊரில் எல்லாரையும் கூட்டினால் செலவு குறையும், கொரோனா நாளில் கட்டுப்பாடும் எளிது. ஆனால் கோழிக்கோட்டு ரசிகருக்குத் தன் அணி பட்டம் வெல்வதை நேரில் பார்க்க வழியில்லை. மதுரைக்காரருக்கும் அதே கதிதான்.

அணி

தலைமைப் பயிற்சியாளர் ஆண்டனி ஆண்ட்ரூஸ். கேப்டன், மணிப்பூரைச் சேர்ந்த தற்காப்பு வீராங்கனை ஆஷாலதா தேவி. அப்போது தேசிய அணியின் கேப்டனும் அவரே. கோல் காவலில் இருந்த அதிதி சவுகான் முன்பு இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியில் ஆடியவர். முன்களத்தில் கிரேஸ், சௌம்யா குகுலோத், ஜோதி சவுகான், மனிஷா கல்யாண் என்று வரிசையாக ஆட்கள்.

இவர்களில் மனிஷாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். 2021 நவம்பரில் பிரேசிலின் மனாஸ் நகரில் இந்தியா 1–6 என்று தோற்ற ஆட்டத்தில் அந்த ஒரு கோல் இவருடையது. விளிம்பில் பந்தை வாங்கி, எதிராளியை ஓட்டத்தில் தாண்டி, உள்ளே வெட்டி அடிப்பது இவர் பாணி. உள்நாட்டில் அதைத் தடுக்கக்கூடிய தற்காப்பு அணிகள் மிகச் சில.

சபித்ரா இல்லாத இடத்தை நிரப்பியவர் கானா நாட்டின் எல்ஷடாய் அச்சியாம்பொங். அக்காபாவிலேயே கோகுலத்துக்காகக் கோல் அடித்திருந்த அவர், இந்த லீக்கில் 20 கோல்களுடன் அதிகக் கோல் அடித்தவர் ஆனார். ஆட்டத்துக்கு இரண்டு கோல் நெருங்கும் இந்தக் கணக்கை அவர் திறமைக்கு மட்டும் எழுதிவிட முடியாது. பின்னால் நின்று பந்து கொடுத்தவர்களில் பாதிப் பேர் தேசிய அணிக்காரர்கள்.

பருவத்தின் போக்கு

ஒடிசா போலீஸுக்கு எதிராக 12–0 என்று கோகுலம் தன் பயணத்தைத் தொடங்கியது. அதன் பிறகு யார் வெல்வார் என்பதில் சந்தேகம் இருந்த ஆட்டங்கள் கொஞ்சமே. சராசரியாக ஆட்டத்துக்கு ஆறு கோல். இப்படி ஒரு கணக்கைக் கழகம் பெருமையாக எழுதிக்கொள்ளலாம். லீக்கை நடத்துகிறவர்கள் அதைக் கவலையோடு படிக்க வேண்டும். பட்டியலின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் இடையே இருந்தது ஆட்டத் திறனின் இடைவெளி மட்டுமல்ல. ஆண்டு முழுக்கப் பயிற்சி, நல்ல மைதானம், உடற்பயிற்சி நிபுணர், சம்பளம் ஆகிய எல்லாவற்றின் இடைவெளியும் அதில் அடங்கும்.

ஆனால் ஒரு அணி கோகுலத்தை விடாமல் பின்தொடர்ந்தது. சேதுவும் தன் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றிருந்தது. 2016இல் மதுரையில் தோன்றிய இந்தக் கழகத்தின் பின்னால் கோகுலம் அளவுக்குப் பெரிய குழுமம் எதுவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் முகங்களான இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அதில் இருந்தனர். அட்டவணை எப்படியோ இந்த இரு அணிகளையும் கடைசி நாளில் எதிரெதிரே நிறுத்தியிருந்தது. இரண்டுக்கும் 30 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் முன்னே நின்ற கோகுலத்துக்கு டிரா போதும், சேதுவுக்கு வெற்றி வேண்டும். இறுதி ஆட்டம் வேண்டாம் என்று வகுத்த முறையில் இறுதி ஆட்டம் தானாகவே வந்து சேர்ந்தது.

மே 26 ஆட்டம்

கலிங்கா அரங்கில் 3ஆம் நிமிடத்திலேயே சேதுவின் ரேணு கோல் அடித்தார். பருவம் முழுவதும் கோகுலம் விட்டுக்கொடுத்த நான்கு கோல்களில் அது ஒன்று. டிரா போதும் என்று வந்த அணிக்கு இப்போது கணக்கு தலைகீழ். 14ஆம் நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. ஆஷாலதா அதைக் கோலாக்கிச் சமன் செய்தார். தற்காப்பில் நிற்கும் கேப்டன் அத்தகைய நேரத்தில் பந்தைத் தானே எடுத்து வைத்ததுதான் ஆட்டத்தின் திருப்பம் என்பேன். 33ஆம் நிமிடத்தில் எல்ஷடாய், 40ஆம் நிமிடத்தில் மனிஷா. இடைவேளைக்கு முன்பே 3–1. இரண்டாம் பாதியில் இரு பக்கமும் கோல் இல்லை.

கோகுலம் 33 புள்ளிகள், சேது 30. கிக்ஸ்டார்ட் மூன்றாம் இடம்.

பன்னிரண்டு நாள் முன்பு, மே 14 அன்று, கழகத்தின் ஆண்கள் அணி கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங்கை 2–1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைத் தொடர்ந்து இரண்டாம் முறையாகப் பெற்றிருந்தது. மே 18 அன்று ஏ.எஃப்.சி. கோப்பையில் ஏ.டி.கே. மோகன் பகானை 4–2 என்று வீழ்த்தியதும் அதே அணி. பத்திரிகைகளில் அந்த மே மாதத்துக் கோகுலம் செய்திகளில் பெரும்பங்கு ஆண்கள் அணிக்கே போனது. ஒரு ஆட்டத்தையும் இழக்காமல் பட்டம் வென்றதோ மகளிர் அணி.

தாஷ்கண்ட்

2022 ஆகஸ்டில் உஸ்பெகிஸ்தானின் கர்ஷி நகரில் ஆசிய மகளிர் கழகச் சாம்பியன்ஷிப்பின் மேற்கு மண்டல ஆட்டங்கள். கோகுலம் 23ஆம் தேதி உஸ்பெகிஸ்தானின் சொக்தியானாவோடும், 26ஆம் தேதி ஈரானின் பாம் காத்தூனோடும் மோத வேண்டும். அணி தாஷ்கண்டில் இறங்கிய வேளையில், இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்த செய்தி வந்தது. கூட்டமைப்பின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது ஃபிஃபா சொன்ன காரணம். இடைநீக்கம் நீடிக்கும்வரை இந்தியக் கழகம் எதுவும் வெளிநாட்டுப் போட்டியில் ஆடக் கூடாது.

கோகுலத்தை மட்டுமாவது ஆட விடும்படி இந்திய விளையாட்டு அமைச்சகம் ஃபிஃபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் எழுதியது. பலன் இல்லை. ஆகஸ்ட் 26 அன்று இடைநீக்கம் விலக்கப்பட்டபோது கோகுலத்துக்குக் காலம் கடந்துவிட்டது. கூட்டமைப்பின் நிர்வாகிகள் தேர்தலை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்ததே அந்தத் தலையீட்டுக்கு வழிவிட்டது. அதன் விலையை, அந்தத் தேர்தலில் வாக்குக்கூட இல்லாத பெண்கள் கொடுத்தார்கள். வென்ற அணி தகுதிபெற்ற போட்டியில் ஆட முடியாமல் போனதற்கு இதைவிட அநியாயமான காரணம் இந்தியக் கால்பந்தில் தேடினாலும் கிடைப்பது அரிது.

பின்விளைவுகள்

இந்தப் பருவத்தின் அணி அப்படியே நீடிக்கவில்லை. மனிஷா சைப்ரஸின் அப்போலோன் அணியில் சேர்ந்து, 2022 ஆகஸ்ட் 18 அன்று லாத்வியாவின் ரீகா அணிக்கு எதிராக மாற்று வீராங்கனையாக இறங்கி, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். கோகுலம் தாஷ்கண்டில் முடங்கிக் கிடந்த அதே வாரம் அது. கிரேஸ் உஸ்பெகிஸ்தானின் நசாஃப் அணிக்கும், சௌம்யாவும் ஜோதியும் குரோவேசியாவின் டினமோ சாக்ரெப்புக்கும் போனார்கள். இந்திய மகளிர் லீக்கிலிருந்து ஒரே கோடையில் இத்தனை பேரை வெளிநாட்டுக் கழகங்கள் அழைத்தது அதுவரை காணாத ஒன்று.

2023 மே 21 அன்று அகமதாபாத்தில் கிக்ஸ்டார்ட்டை 5–0 என்று வென்று கோகுலம் தொடர்ந்து மூன்றாம் பட்டம் பெற்றது. சபித்ரா திரும்பி வந்திருந்தார். முந்தைய ஆண்டு சேதுவின் பக்கம் நின்ற சந்தியாவும் இந்துமதியும் இந்த முறை கோகுலத்துக்காக இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தனர். ஊர் ஊராகச் சென்று ஆடும் முறை 2023–24இல்தான் வந்தது. ஏழு அணிகள் ஆடிய அந்தப் பருவத்தில் ஒடிசா எஃப்.சி. முதலிடம் பிடித்தது, கோகுலம் இரண்டாம் இடத்தில் நின்றது. ஆண்டனி ஆண்ட்ரூஸ் பின்னர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் மகளிர் அணிக்குச் சென்று 2024–25இல் அவர்களுக்கும் இதே பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.