நூலக அடுக்குகளிடையே ஓர் உலா

சங்கரன்கோவிலில் படிக்கும் மாணவருக்குச் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவு. அத்தகைய பெருநூலகத்தின் அடுக்குகளிடையே இருந்த இடத்திலிருந்தே உலவ முடியுமா? 'மெய்நிகர்' நுட்பத்தால் முடியும். ஆனால் அந்த உலாவினால் என்ன பயன்? வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

முன்பெல்லாம் பல நூலகங்களில் வாசகர் அடுக்குகளை நெருங்கவே முடியாது. பட்டியலைப் பார்த்துச் சீட்டெழுதிக் கொடுத்தால் பணியாளர் நூலைக் கொண்டு வருவார். பெயர் தெரியாத நூல் இருப்பதே தெரியாது! சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் சீ. இரா. இரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வாசகர் தாமே அடுக்குகளில் தேடும் முறையை இங்கிலாந்தில் கண்டு, இங்கும் கொண்டுவந்தார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது மூன்றாம் விதி. அவ்வாசகர் கிடைக்க வேண்டுமானால் நூல் கண்ணில் பட வேண்டுமல்லவா?

இனி மெய்நிகர் காட்சிக்கு வருவோம். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வெவ்வேறு கோணங்களில் காண்கின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. 1838-இல் வீட்ஸ்டன் என்ற ஆங்கில அறிவியலார் இரு படங்களைக் கொண்டு இதை விளக்கிக் காட்டினார். 1968-இல் அமெரிக்காவில் சதர்லாண்டு, கணிப்பொறிப் படத்தைத் தலையில் அணிந்து காணும் கருவியைச் செய்தார். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது! இன்றைய கருவியோ மிகச் சிறியது. நீங்கள் தலையைத் திருப்பினால் உணர்விகள் அதை அறிந்து, காட்சியையும் திருப்புகின்றன.

கணிப்பொறித் தேடல் நம்மை மீண்டும் சீட்டுக் காலத்துக்கே அழைத்துச் சென்றுவிட்டது எனலாம். கேட்டது வருகிறது, அதன் அருகில் நிற்கும் நூல் தெரிவதில்லை. மெய்நிகர் அடுக்கு அந்த அண்டை நூல்களை மீட்டுத் தரும். ஆயினும் முதுகட்டையைக் காண்பது நூலைப் படிப்பதாகாது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அதன் அறைகளைப் படங்களிலிருந்து மெய்நிகராய் எழுப்பலாம். படியெடுக்கப்படாத ஏட்டின் ஒரு வரியைக்கூட மீட்க இயலாது. எனவே அரிய நூல்களின் பக்கங்களைப் படமெடுப்பதே முதல் வேலை. காட்சிக்கூடம் அதன் பின்னரே.

அதுவரை ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வேண்டிய நூலை எடுத்ததும் உடனே திரும்பிவிடாதீர்கள். அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்கும் நூல்களைப் பாருங்கள். நீங்கள் தேடத் தெரியாதிருந்த நூல் அங்கே இருக்கக்கூடும்.