முதியோர் கல்வியும் முதியோரும்: கடலூர், சிதம்பரம் வட்டார வரலாற்றில் ஒரு நோக்கு

1978 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் இந்திய அரசு தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. தமிழ்நாட்டு மக்கள் அதனை ‘முதியோர் கல்வி’ என்றே அழைத்தனர். அரிக்கேன் விளக்கு, கரும்பலகை, இரவு நேரத்தில் கூடும் முப்பது பேர் என்று அத்திட்டத்தைப் பற்றிய நினைவு இன்றும் கிராமச் சபைகளில் உண்டு. ஆயினும் அத்திட்டம் யாருக்காக வகுக்கப்பட்டது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது. அதன் வயது வரம்பு பதினைந்து முதல் முப்பத்தைந்து வரை. முதியோர் என்னும் பெயரைத் தாங்கிய கல்வியின் வாயிலில் முதியோருக்கு இடமில்லை! இருபது வயது இளைஞன் ‘முதியோர்’ பட்டியலில் இடம்பெற்றான். அவனுடைய பாட்டி இடம்பெறவில்லை.

இதனைச் சொற்பிழை என்று ஒதுக்கிவிடலாம். ‘முதியோர்’ என்பது ‘வயது வந்தோர்’ என்னும் பொருளில் வழங்கிய ஒரு மொழிபெயர்ப்பு என்று விளக்கம் கூறலாம். ஆனால், முதிர்ந்த வயதினரைக் கற்போராகக் காண மறுக்கும் வழக்கம் அரசுத் திட்டத்தோடு தோன்றியதன்று. அதன் வேர்கள் பழமையானவை. அவற்றுள் ஒன்று நம் திருச்சபையின் நிலத்திலேயே ஊன்றியது. கடலூரும் சிதம்பரமும் அடங்கிய சிறு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய முற்படுகிறோம். ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக் கல்வி வரலாறு இங்கே அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அப்போது இருபத்துநான்கு வயதினர். தமிழ் கற்கும் பொருட்டு அவர் ஒரு முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியரை அணுகி, அப்பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தும்படி வேண்டினார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். புராட்டஸ்டண்டு அருட்பணியின் தமிழ்க் கல்வி இங்ஙனம் ஒரு முதியவரின் காலடியில் தொடங்கியது என்பதை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. அங்கு முதியவர் கற்பித்தார், கற்றவர் அல்லர். 1717 இல் சீகன்பால்குவின் முயற்சியால், ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட கடலூரில் பள்ளி ஒன்று எழுந்தது. அது சிறுவர்க்கான தருமப் பள்ளி. 1737 இல் சார்தோரியுசும் கைஸ்தரும் கடலூரில் நிலையான அருட்பணியைத் தொடங்கினர். 1740 இல் கீர்னாந்தர் வந்து சேர்ந்தார். 1758 இல் லாலியின் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையைக் கைப்பற்றியபோது அவர் ஊரைவிட்டு நீங்கி, பின்னர்க் கல்கத்தா சென்றார். இத்தனை ஆண்டுகளிலும் பள்ளி என்றால் பிள்ளைகளின் பள்ளியே.

அப்படியானால் வயது முதிர்ந்தோர்க்குக் கல்வியே இல்லையா? இருந்தது; ஞானோபதேசம் இருந்தது. திருமுழுக்குப் பெற விரும்பிய எவரும், எவ்வயதினராயினும், வாரக்கணக்கில் உபதேசம் பெற வேண்டியிருந்தது. எழுத்தறியாதோர் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய செபத்தையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்தனர். இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. வயலில் உழைத்து ஓய்ந்த ஒரு கிழவருக்கு, ‘நீ கற்கக் கூடியவன்’ என்று சொன்ன நிறுவனங்கள் அக்காலத்தில் வேறு எத்தனை இருந்தன? ஆயினும் அக்கல்வி திருமுழுக்குத் தொட்டியோடு முடிந்தது. அதன்பின் அவர் கேட்பவர். வாழ்நாள் முழுதும் கேட்பவர். 1715 இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அருட்பணி, அதனைத் தம் கண்ணால் வாசிக்கும் பேற்றை இளையோருக்கே உரியதாக்கிற்று. மார்ட்டின் லுத்தர் பெரிய ஞானோபதேசத்திற்கு எழுதிய முன்னுரையில், தாம் ஒரு வேதபண்டிதராயிருந்தும் ஒவ்வொரு நாளும் ஞானோபதேசத்தின் மாணவனாகவும் குழந்தையாகவுமே இருப்பதாகக் கூறுகின்றார். லுத்தரன் சபைகள் அந்நூலைக் கொண்டுவந்தன. அம்முன்னுரையின் மனப்பாங்கைக் கொண்டுவந்தனவா என்பது ஐயமே.

இங்கே வரலாற்றின் விந்தை ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. பொகேமிய சகோதரர் சபையின் கண்காணியாராயிருந்த யான் ஆமோஸ் கொமேனியுஸ் (1592–1670) மனித வாழ்வு முழுவதையுமே பள்ளிகளின் தொடராகக் கண்டவர். கருவிலிருந்து தொடங்கும் அத்தொடரில் முதுமைக்கென்றே ஒரு பள்ளி உண்டு. முதுமையும் வாழ்வின் ஒரு பகுதி. ஆகவே அதுவும் பள்ளியின் ஒரு பகுதி. அதற்கும் ஆசிரியரும் ஒழுங்கும் பணிகளும் வேண்டும் என்பது அவர்தம் வாதம். இக்கருத்தடங்கிய ‘பம்பீடியா’ என்னும் நூலின் கையெழுத்துப்படி காணாமற்போனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1930களில் அது கண்டெடுக்கப்பட்டது. எங்கே தெரியுமா? ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே நிறுவிய அநாதைச்சாலையின் நூற்களஞ்சியத்தில்! தரங்கம்பாடிக்கும் கடலூருக்கும் அருட்பணியாளரைப் பயிற்றி அனுப்பிய அதே ஹாலே. முதியோர் பள்ளிக்கான திட்டம் அங்கே அலமாரியில் உறங்க, சிறுவர் பள்ளிக்கான திட்டம் கப்பலேறி இங்கு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இவ்வட்டாரத்துக் கல்வி வரலாறு சூடு பிடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், கிறிஸ்தவப் பிரசங்க முறையையே சைவத்தின் கருவியாக்கிக்கொண்டு 1847 இல் வண்ணார்பண்ணையில் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1864 இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கம் என்பது வயது வந்தோர்க்கான கல்வி முறை என்பதை நம்மைவிட அவர் தெளிவாக உணர்ந்திருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. எனினும் அவருடைய வித்தியாசாலை பாலர்க்குரியதே.

நாவலரோடு முரண்பட்டு நின்றவரும், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவருமான இராமலிங்க அடிகளிடத்தேதான் (1823–1874) வேறொரு போக்கைக் காண்கிறோம். 1867 மே 23 அன்று வடலூரில் அவர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவர்க்கு உணவு அளிப்பது அதன் முதற்பணி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதனைச் சார்ந்து ‘சன்மார்க்க போதினி’ என்னும் பாடசாலையையும் அவர் ஏற்படுத்தினார். தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளும் அங்குக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதும், சிறியோர் முதல் பெரியோர் வரை எவரும் கற்கலாம் என்பதும் அதன் நோக்கங்கள். பொதுமக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்தவும் அவர் வழி செய்தார். வள்ளலார் வரலாற்றை ஆராய்ந்த ஊரன் அடிகள், முதியோர் கல்விக்கு அவரையே முன்னோடியாகப் போற்றுவார். அப்பாடசாலை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் அதன் அமைப்பு நம் கருத்தைக் கவர்கின்றது. சோறும் பாடமும் ஒரே வளாகத்தில், வயது வரம்பு இல்லை, தேர்வு இல்லை, கற்பவரின் சாதியைக் கேட்பாரில்லை. முதியவர் ஒருவர் பள்ளிக்குச் செல்ல வெட்கப்படுவார். சோற்றுக்குச் செல்லவும் வெட்கப்படுவார். இரண்டும் ஓரிடத்தில் எல்லார்க்கும் பொதுவாக நடந்தால் வெட்கம் நீங்கும். அடிகள் இதனை எண்ணித்தான் செய்தாரா என்று உறுதியாகச் சொல்ல நாம் முற்படவில்லை, விளைவு அதுவே.

வடலூரில் இவை நிகழ்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் காலூன்றியது. சாதி வேற்றுமையைச் சபைக்குள் பொறுத்துக்கொள்வதா என்னும் வழக்கில் லைப்சிக் மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் அங்குக் குடியேறி உழைக்க, டேனிஷ் மிஷனெரிச் சங்கம் அப்பணியைத் தன் பொறுப்பில் ஏற்றது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை இம்முயற்சியின் கனி. டென்மார்க்கிலோ அக்காலத்தில் வயது வந்தோர் கல்வி பெரும் இயக்கமாக வளர்ந்துகொண்டிருந்தது. குருவானவரும் பாடலாசிரியருமான குருண்ட்விக்கின் (1783–1872) கருத்துகளால் எழுந்த மக்கள் உயர்நிலைப் பள்ளிகளில் முதலாவது 1844 இல் றோடிங் என்னுமிடத்தில் திறக்கப்பட்டது. உழவர் பிள்ளைகள் வளர்ந்தபின் அங்குச் சென்று தங்கி, பாட்டும் வரலாறும் உரையாடலுமாய்க் கற்றனர். தேர்வும் சான்றிதழும் இல்லை. எழுத்தைவிட உயிருள்ள சொல்லுக்கே குருண்ட்விக் முதன்மை தந்தார். எழுத்தறியாத முதியோர் நிறைந்த தென்னாற்காட்டுச் சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு உண்டோ? ஆயினும் மிஷன் கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருபவை உயர்நிலைப் பள்ளிகளும் விடுதிகளுமே. அரசு மானியமும் அரசுத் தேர்வும் பள்ளியின் வடிவத்தை முன்னரே முடிவு செய்துவிட்டன என்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறோம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் அநீதி செய்தவர்களாவோம். வீடு வீடாகச் சென்று திண்ணைகளிலும் சமையற்கட்டுகளிலும் அமர்ந்து பெண்களுக்கு வேதத்தையும் எழுத்தையும் கற்பித்த வேதாகமப் பெண்களே அவ்விலக்கு. அவர்களுள் பலர் கைம்பெண்கள். தாமே நடுவயதில் எழுத்துக் கற்றவர்களும் உண்டு. மருமகளுக்குக் கற்பிக்கப் போன இடத்தில் மாமியாரும் வந்து அமர்வதுண்டு. மிஷன் நடத்திய முதியோர் கல்வி இதுவே எனலாம். ஆயினும் நம் சபை வரலாற்று நூல்கள் அவர்களுக்கு அளிக்கும் இடம் மிகச் சிறிது.

சிதம்பரத்தில் 1916 இல் சுவாமி சகஜானந்தர் (1890–1959) நந்தனார் பெயரால் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் பயின்றவர் அவர். கிறிஸ்தவத்தைத் தழுவ உடன்படாதவர். அவர் தொடங்கியதும் பிள்ளைகளின் பள்ளியே, அதில் வியப்பில்லை. பரம்பரை பரம்பரையாக மறுக்கப்பட்டதை அடுத்த தலைமுறைக்கேனும் பெற்றுத் தருவதே அன்றைய அவசரம். ஆனால் அப்பள்ளிகளில் படித்த முதல் தலைமுறையினரின் பெற்றோரை நினைத்துப் பார்ப்போமாக. தம் பிள்ளை எழுதிய கடிதத்தை வாசிக்கத் தெரியாமல், இன்னொருவரிடம் கொண்டுபோய் நின்றவர்கள் அவர்கள். கல்வி வீட்டிற்குள் நுழைந்த நாளிலேயே வீட்டின் மூத்தோர் ‘படியாதவர்’ ஆயினர்.

1929 இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1979 இல் அங்குத் தொடங்கிய தொலைநிலைக் கல்வி இவ்வட்டாரத்துக்கு மட்டுமன்றித் தமிழகம் முழுவதற்குமே புதிய கதவாயிற்று. இளமையில் படிப்பை விட்ட எழுத்தர்கள், ஆசிரியர்கள், காவலர்கள், நம் உபதேசியார்கள், குருவானவர்கள் எனப் பலர் பணியிலிருந்தபடியே பட்டம் பெற்றனர். ஓய்வு பெற்றபின் பட்டப்படிப்பில் சேர்ந்தோரும் உண்டு. நடுவயதில் நின்றவர்க்கு இப்பல்கலைக்கழகம் செய்த நன்மை பெரிது. இருப்பினும் அஞ்சலில் வரும் பாடப்புத்தகம் எழுத்தறிந்தவர்க்கே பயன்படும். தேர்வும் பட்டமும் அதன் முடிவு. பட்டத்தால் பதவி உயர்வு பெற இயலாத எழுபது வயதினர்க்கு அது எதற்கு என்று வீட்டார் கேட்டால், அதற்கு விடை பல்கலைக்கழக விதிகளில் இல்லை. பிரான்சில் 1973 இல் துலூஸ் நகரில் பியர் வேலா தொடங்கிய ‘மூன்றாம் பருவத்தின் பல்கலைக்கழகம்’ இக்கேள்விக்கு வேறு விடை தந்தது: கற்பதன் பயன் கற்பதே. இங்கிலாந்தில் 1981 இல் கேம்பிரிட்ஜில் அதே பெயரில் எழுந்த இயக்கத்தில் முதியோரே ஆசிரியர், முதியோரே மாணவர். நம் நாட்டில் இவ்வெண்ணம் நகரத்து ஓய்வூதியர் வட்டத்தைத் தாண்டிப் பெரிதும் செல்லவில்லை.

மீண்டும் எழுத்தறிவுத் திட்டங்களுக்கு வருவோம். 1988 இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கமும் பதினைந்து முதல் முப்பத்தைந்து வரை என்னும் வரம்பையே கொண்டது. 1990களின் தொடக்கத்தில் அதன் வழியாகத் தமிழகத்தில் பரவிய அறிவொளி இயக்கம் பாட்டாலும் கலைநிகழ்ச்சியாலும் கிராமங்களைக் கிளர்ந்தெழச் செய்தது. வரம்பைப் பாராது கூட்டத்தில் வந்தமர்ந்த கிழவிகளைத் தொண்டர்கள் விரட்டவுமில்லை. ஆயினும் கணக்கில் அவர்கள் இல்லை. இவ்வரம்பை வகுத்தோர்க்கு ஒரு நியாயம் இருந்தது. பணம் குறைவு, எழுத்தறியாதோர் கோடிக்கணக்கில், உற்பத்தியில் ஈடுபடும் வயதினர்க்கு முதலில் கற்பித்தால் நாடு விரைவில் பயன்பெறும். அந்நியாயத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே ஒரு மனிதவியல் இருக்கிறது: மனிதனின் மதிப்பு இனி அவன் ஈட்டப் போவதில் அடங்கியுள்ளது என்பதே அது. இறையியல் பயில்வோர் இதனைக் கேள்வியின்றி ஏற்க இயலாது. முப்பதாண்டு கழித்து, 2009 இல் வந்த சாட்சர பாரத் திட்டமும், 2022 இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் மேல்வரம்பை நீக்கிப் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் ஏற்றன. 1978 இல் நாற்பது வயதினராய் வாயிலில் நின்றவர்க்கு 2009 இல் வயது எழுபத்தொன்று.

திருச்சபையின் இறையியல் கல்வியும் இதே பாதையில்தான் நடந்தது. 1963 இல் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி ஒரு புதிய முறையைத் தொடங்கிற்று. கிராமச் சபைகளில் உண்மைத் தலைவர்களாய் விளங்கிய நடுவயதினரும் முதியோரும் விடுதிப் பள்ளிக்கு வர இயலாமையைக் கண்டு, பள்ளியே அவர்களிடம் சென்றது. இந்தியாவில் 1971 இல் பெங்களூரில் தோன்றிய விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம் இம்முறையைப் பரப்பியது. ஆயினும் நம் கிராமச் சபைகளில் இன்று ஞாயிறு பள்ளி உண்டு, வாலிபர் சங்கம் உண்டு, பெண்கள் ஐக்கியச் சங்கம் உண்டு. அறுபது கடந்தோர்க்கு இருப்பது வீட்டுச் சந்திப்பும் திருவிருந்தும் அடக்க ஆராதனையும். இராக்காலத்தில் இயேசுவிடம் வந்த நிக்கொதேமுவை நாம் பெரும்பாலும் அஞ்சியவனாகவே பிரசங்கிக்கிறோம். முதிர்வயதான ஒருவன் எவ்வாறு புதிதாகத் தொடங்குவான் என்று கேட்ட முதிய மாணவனாக அவனைப் பிரசங்கித்தவர் எத்தனை பேர்?

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியது. அதன்பின் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் கடலூருக்கு அருகே தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்ததோடு, கடற்கரைச் சிற்றூர்களில் முதியோர் சுய உதவிக் குழுக்களையும் தோற்றுவித்தது. அக்குழுக்களுக்குக் கூட்டம் வேண்டும், சேமிப்பு வேண்டும், கடன் வேண்டும். அவற்றிற்கெல்லாம் கணக்குப் புத்தகம் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையொப்பமோ கைநாட்டோ விழ வேண்டும். எழுபது வயதில் தம் பெயரின் முதல் எழுத்தைக் கற்பதற்கு அங்கே ஒரு காரணம் கிடைத்தது.