எமிலி மேட்டுத் தொட்டி

சிங்கப்பூரின் சிலிகி சாலையிலிருந்து ஏறினால் வரும் மவுண்ட் எமிலி பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களிடம், இந்த மேட்டில்தான் ஒரு காலத்தில் நகரத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்கள் என்றால் நம்பமாட்டார்கள். என் வயதுக்காரர்களுக்கே அங்கே இருந்த நீச்சல்குளம்தான் நினைவில் இருக்கிறது. குழாய் வேலையில் காலத்தைக் கழித்த எனக்கோ குளத்துக்கு முந்தைய கதைதான் பெரிது.

1857இல் டான் கிம் செங் என்ற சீன வணிகர், ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர 13,000 டாலர் கொடுக்க முன்வந்தார். அப்போது கிணறும் ஓடையும்தான் கதி. ஆன் சியாங் மலைக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பணம் கைக்கு வந்தும் அரசாங்கம் அசையவில்லை. 1864இல் கிம் செங் இறந்தே போனார். தாம்சன் சாலைப் பக்கம் அணை எழுந்தது 1868இல். இன்றைய மெக்ரிட்சி நீர்த்தேக்கம் அதுதான். அணையில் தண்ணீர் நின்றது, ஊருக்குள் வரவில்லை. பம்புகளும் குழாய்களும் தயாராக 1877 ஆயிற்று! 1882இல் கிம் செங் பெயரில் ஒரு நீரூற்று வைத்தார்கள். எஸ்பிளனேட் பூங்காவில் இன்றும் இருக்கிறது. நன்றிக்கு வைத்ததென்று சொல்வார்கள். வெட்கத்துக்கு வைத்தது என்பேன் நான்.

அணை மட்டும் போதாது என்பதற்குத்தான் எமிலி மேட்டுத் தொட்டி. விடியற்காலையில் ஊரே ஒன்றாகக் குழாயைத் திறக்கும். நள்ளிரவில் யாரும் தொடமாட்டார்கள். பம்போ ஒரே சீராக ஓடவேண்டும். இரவில் மேட்டுத் தொட்டியை நிரப்பி வைத்தால் காலையில் தண்ணீர் தன் எடையிலேயே கீழே இறங்கும். எங்கள் தொழிலின் பாதி சூட்சுமம் இவ்வளவுதான். 1878இல் கட்டிய அந்தத் தொட்டி ஐம்பது ஆண்டுக்குள் சிறிதாகிப் போனது. ஃபோர்ட் கேனிங்கில் பெரிய தொட்டி வந்ததும் இதற்கு வேலையில்லை. 1931இல் அதையே பொது நீச்சல்குளமாக்கினார்கள். சிங்கப்பூரின் முதல் பொதுக்குளம்.

தொட்டிக்கு நேர்ந்ததே அணைகளுக்கும் நேர்ந்தது. 1871இல் தீவில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. 1901இல் இரண்டே கால் லட்சத்தைத் தொட்டுவிட்டார்கள். ஜேம்ஸ் மெக்ரிட்சி என்ற நகராட்சிப் பொறியாளர் பழைய தேக்கத்தை விரிவுபடுத்தினார். பிறகு காலாங் ஆற்றில் ஒரு தேக்கம், இன்று அது கீழ் பியர்ஸ். பிறகு சிலேத்தார். ஒன்றைக் கட்டி முடிப்பதற்குள் ஊர் அதைத் தாண்டி வளர்ந்திருக்கும்.

அப்புறம் சுலபமான வழி கிடைத்தது. 1924இல் ஜோகூருக்குக் கடற்பாலம் திறந்தாயிற்று. 1927 டிசம்பரில் நகராட்சி ஆணையர்கள் சுல்தான் இப்ராகிமோடு ஒப்பந்தம் போட்டார்கள். கூனோங் பூலாயில் 2,100 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 30 காசு வாடகை. 1932இல் குழாய்வழியே தண்ணீர் வந்தது. மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் 1942 ஜனவரி 31 அன்று ஜப்பானியரிடமிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தைத் தகர்த்தபோது அந்தக் குழாயும் சேர்ந்து அறுந்தது. குண்டுவீச்சில் நகரத்துக் குழாய்களும் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. பிப்ரவரி 15இல் அவர்கள் சரணடைந்ததற்கு இந்தத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு முக்கிய காரணம்.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 1963 காட்டியது. ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்க் கட்டுப்பாடு பத்து மாதம் நீடித்தது. கெர்பாவ் சாலையில் எங்கள் அம்மா அண்டா, வாளி, மண்ணெண்ணெய் டின் என்று எதையும் விடமாட்டார். அரிசி களைந்த தண்ணீரில்தான் பாத்திரம் கழுவல், அந்தத் தண்ணீரைக் கொட்ட யாருக்கும் அனுமதி இல்லை. தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் பிறந்ததும் அந்த நெருக்கடிக்கு நடுவில்தான், மே 1இல்.

அதன்பின் நடந்ததில் என்னை வியக்கவைப்பது மேல் பியர்ஸ் நீர்த்தேக்கமோ கிராஞ்சி நீர்த்தேக்கமோ அல்ல, 2008இல் முடிந்த மரினா அணைக்கட்டு. ஒரு காலத்தில் காட்டில் மட்டுமே தண்ணீர் தேக்கிக்கொண்டிருந்தவர்கள், நகரத்தின் நடுவிலேயே 10,000 ஹெக்டர் பரப்பில் பெய்யும் மழையைப் பிடிக்கிறார்கள். தீவில் ஆறில் ஒரு பங்கு அது. பஃபலோ சாலையில் விழும் மழையும் ரோச்சோர் கால்வாய் வழியாக அங்கேதான் போய்ச் சேர்கிறது.

ஜோகூரிலிருந்து இன்றும் தண்ணீர் பெற வழிசெய்கிற, பின்னாளில் போட்ட ஜோகூர் ஆற்று ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதன்பின் நம் மழைத் தண்ணீரின் மதிப்பு இன்னும் கூடும். ஆகவே தேக்காவில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடிய மாலையையும் தேநீர்ச் சக்கையையும் சாக்கடையில் தள்ளாதீர்கள். சுத்திகரித்துத்தான் தருகிறார்கள் என்றாலும், குடிக்கப்போவது நாம்தான்.